'தி' எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஆங்கிலம் படிக்க வருகிறவர்களுக்குப் பல வருடங்களாகப் பாடம் எடுக்கிறேன். இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் சில மாதங்களில் கைக்கு வந்துவிடுகிறது. நன்றாக எழுதுகிறவர்கள்கூடத் தடுமாறி நிற்கிற இடம் ஒன்று உண்டு: 'தி'. ஆங்கிலத்திலேயே மிக அதிகமாகப் புழங்கும் சொல் அதுதான். ஒவ்வொரு வகுப்பிலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள் வருவதால், அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே தொகுத்து எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், காதில் நிற்கும்.

'தி' என்றால் தமிழில் என்ன அர்த்தம் மேடம்? 'அந்த' என்று எடுத்துக்கலாமா?

பிறப்பைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். பழைய ஆங்கிலத்தில் அது ஒரு சுட்டுச்சொல், நம் 'அந்த' மாதிரி. 'தட்' என்ற சொல்லும் அதே குடும்பம். காலப்போக்கில் சுட்டிக்காட்டும் வேகம் குறைந்து 'தி' ஆகிவிட்டது. அதேபோல 'எ', 'ஆன்' இரண்டும் 'ஒன்' என்ற எண்ணிலிருந்து வந்தவை, ஒன்று என்பதிலிருந்து நம் 'ஒரு' வந்த மாதிரியே.

ஆனால் இன்றைக்கு 'தி'யை 'அந்த' என்று மொழிபெயர்த்தால் எடை கூடிவிடும். 'க்ளோஸ் தி டோர்' என்பது 'கதவை மூடு' அவ்வளவுதான். 'அந்தக் கதவை மூடு' என்றால் நாலு கதவில் ஒன்றைக் கை நீட்டிக் காட்டுகிறோம். கை நீட்டவே தேவையில்லாத இடத்தில்தான் 'தி' வருகிறது. கேட்பவருக்கு எதைச் சொல்கிறோம் என்று புரிந்துவிடும், 'எந்தக் கதவு?' என்று அவர் திருப்பிக் கேட்க மாட்டார். இந்த 'எந்த?' என்ற கேள்வியை நினைவில் வையுங்கள். கீழே பல இடங்களில் இதற்குத்தான் திரும்பி வருவேன்.

நம்ம மொழியிலேயே இல்லாத விஷயத்தை எப்படிங்க பழகுறது?

'தி' மாதிரி ஒரு சொல் தமிழில் இல்லை, உண்மை. இந்தியில், ரஷ்ய மொழியில், ஜப்பானிய மொழியிலும் இல்லை. ஆனால் 'தி' சொல்ல வருகிற அந்த விஷயம் தமிழில் இருக்கிறது. தினமும் தவறில்லாமல் பயன்படுத்துகிறீர்கள். பள்ளியில் இரண்டாம் வேற்றுமை உருபு என்று படித்தோமே, அந்த 'ஐ' தான் அது.

'டீ குடிச்சேன்', 'டீயைக் குடிச்சேன்'. இரண்டும் ஒன்றா? இல்லை. முதலாவதில் ஏதோ ஒரு டீ. இரண்டாவதில், நீங்கள் போட்டுக் கொடுத்த டீ, அல்லது மேஜையில் ஆறிக்கொண்டிருந்த டீ. கேட்பவருக்கும் அது எந்த டீ என்று தெரியும். ஆங்கிலத்தில் முதலாவது 'ஐ டிராங்க் டீ', இரண்டாவது 'ஐ டிராங்க் தி டீ'. 'புக் வாங்கினேன்' என்றால் 'ஐ பாட் எ புக்'. 'புக்கை வாங்கினேன்' என்றால் 'ஐ பாட் தி புக்', அதாவது வாங்கப் போவதாக முன்பே சொல்லியிருந்த புத்தகம். நான்கு வயதுக் குழந்தைகூட இந்த 'ஐ'யைச் சரியான இடத்தில் போடுகிறது, சரியான இடத்தில் விடுகிறது. ஆகவே 'எனக்கு அந்த உணர்வே இல்லை' என்று யாரும் சொல்லாதீர்கள். உணர்வு இருக்கிறது. ஆங்கிலத்தில் அது வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எழுவாயில் 'ஐ' வராது, அங்கே வேறு அடையாளம் இருக்கிறது. நிறுத்தத்தில் காத்திருக்கும்போது 'பஸ் வந்துடுச்சு' என்றால் நாம் காத்திருந்த பஸ், 'தி பஸ்'. 'ஒரு பஸ் வந்துச்சு' என்றால் ஏதோ ஒன்று, 'எ பஸ்'. இங்கே 'ஒரு' இருக்கிறதா இல்லையா என்பதே வேலையைச் செய்துவிடுகிறது.

அப்போ 'ஐ' வந்தா 'தி', வரலைன்னா வேண்டாம். இவ்வளவுதானா?

இவ்வளவுதான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பாதிதான் சரி. 'ஐ' இல்லை என்றால் பெரும்பாலும் 'தி' வேண்டாம், நம்பிப் போகலாம். 'ஐ' இருந்தால் மட்டும் நின்று 'எந்த?' என்று ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

காரணம், தமிழில் வேறு சில தேவைகளுக்கும் 'ஐ' வரும். மனிதர்களைச் சொல்லும்போது அநேகமாக எப்போதும் வரும்: 'ரோட்டில் ஒரு டாக்டரைப் பார்த்தேன்'. இதற்கு 'ஐ சா எ டாக்டர்' தான். நேசி, காப்பாற்று, மதி, ரசி போன்ற வினைகளும் 'ஐ'யை இழுத்துக்கொண்டு வரும். அதனால் வருகிற தவறைக் கீழே தனிக் கேள்வியாகவே வைத்திருக்கிறேன்.

முதல் தடவை சொன்னா 'எ', ரெண்டாவது தடவை 'தி'ன்னுதானே ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்தாங்க?

அது தவறில்லை, ஆனால் நிறையப் பேருக்கு அங்கேயே பாடம் நின்றுபோய்விட்டது. 'ஐ சா எ டாக். தி டாக் வாஸ் லிம்ப்பிங்.' முதல் வாக்கியம் நாயை அறிமுகப்படுத்தியது, இரண்டாவது வரும்போது கேட்பவருக்கு எந்த நாய் என்று தெரியும். 'தி' வருவது இரண்டாவது தடவை என்பதால் அல்ல, தெரிந்துவிட்டது என்பதால்.

தெரிந்திருப்பதற்கு வேறு வழிகளும் உண்டு. சூரியன், சந்திரன், வானம் ஒன்றுதான் இருக்கிறது, ஆகவே முதல் தடவையே 'தி சன்', 'தி மூன்', 'தி ஸ்கை'. வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு 'வேர் இஸ் தி கேட்?' என்றால் நம் வீட்டுப் பூனை. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த வழி. 'ஒரு கல்யாணத்துக்குப் போனேன், மாப்பிள்ளை ரொம்ப உயரம்' என்று சொல்லும்போது, மாப்பிள்ளையை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. கல்யாணம் என்று சொன்னதுமே மாப்பிள்ளையும் மனதுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறார். ஆங்கிலத்திலும் அப்படித்தான்: 'ஐ வென்ட் டு எ வெட்டிங். தி பிரைட்குரூம் வாஸ் வெரி டால்.' சைக்கிள் என்றால் சீட்டு, வீடு என்றால் கூரை, புத்தகம் என்றால் அட்டை. முழுமையைச் சொன்னால் அதன் பாகங்களுக்கு 'தி' தானாகக் கிடைத்துவிடும்.

நான் பார்த்தது ஒரு குறிப்பிட்ட வீடுதான். எனக்கு நல்லா தெரியும். ஏன் 'தி ஹவுஸ்' போடக்கூடாது?

இது மிக நல்ல கேள்வி. 'பர்ட்டிகுலர்' என்றால் 'தி' என்று பலருக்கும் மனப்பாடமாகியிருப்பதால் வருகிற குழப்பம். குறிப்பிட்டது என்பது யாருக்கு? உங்களுக்குத் தெரிந்தால் போதாது, கேட்பவருக்குத் தெரிய வேண்டும்.

'நேற்று ஒரு வீட்டைப் பார்த்தேன், பிடிச்சிருந்தது' என்கிறீர்கள். உங்கள் மனதில் அதன் வாசல், மாடி, வாடகை எல்லாம் இருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் நீங்களும் 'ஐ' போட்டாலும் முன்னால் 'ஒரு' சேர்த்தீர்கள். ஆங்கிலத்தில் 'ஐ சா எ ஹவுஸ் எஸ்டர்டே' தான். திடீரென்று 'ஐ சா தி ஹவுஸ்' என்று ஆரம்பித்தால், நாம் முன்பு ஏதோ வீட்டைப் பற்றிப் பேசினோமோ என்று எதிராளி யோசிப்பார்.

பொதுவா சொல்லும்போது 'தி' வராதுன்னா, எது பொது, எது குறிப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

முன்னால் 'எந்த' போட்டுக் கேளுங்கள். 'மில்க் இஸ் குட் ஃபார் சில்ட்ரன்.' எந்தப் பால், எந்தக் குழந்தைகள்? அர்த்தமில்லாத கேள்வி, ஏனென்றால் உலகத்துப் பால் பற்றியும் குழந்தைகள் பற்றியும் பேச்சு. ஆகவே இரண்டுக்கும் 'தி' இல்லை. 'தி மில்க் இஸ் ஸ்பாய்ல்ட்.' எந்தப் பால்? பாத்திரத்தில் இருக்கிற பால். பதில் இருக்கிறது, ஆகவே 'தி' இருக்கிறது.

இங்கே தமிழர்களுக்கே உரிய ஒரு வழுக்கல் உண்டு. நாம் பொதுவாகப் பேசும்போது ஒருமையிலேயே பேசுகிறோம்: 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்', 'நாய் நன்றியுள்ளது'. அதை அப்படியே கொண்டுபோய் 'ஐ லைக் மேங்கோ', 'டாக் இஸ் ஃபெய்த்ஃபுல்' என்று எழுதுகிறோம். எண்ணக்கூடிய பொருள் என்றால் ஆங்கிலத்துக்குப் பன்மை வேண்டும்: 'ஐ லைக் மேங்கோஸ்', 'டாக்ஸ் ஆர் ஃபெய்த்ஃபுல்'. 'தி மேங்கோஸ்' என்றால் நீங்கள் வாங்கி வந்த பழங்கள். பன்மையை விட்டால் அர்த்தமே மாறும் இடங்களும் உண்டு. 'ஐ லைக் சிக்கன்' என்றால் கோழிக்கறி பிடிக்கும், 'ஐ லைக் சிக்கன்ஸ்' என்றால் கோழிகளைப் பிடிக்கும்.

அப்புறம், முன்னால் ஒரு அடைமொழி சேர்ந்ததாலேயே சொல் குறிப்பாகிவிடாது. 'பிளாக் காபி', 'இண்டியன் மியூசிக்', 'மாடர்ன் லைஃப்' எல்லாம் இன்னும் பொதுதான், 'தி' வேண்டாம். பின்னால் ஒட்டுகிற விளக்கம்தான் பெரும்பாலும் 'தி'யைக் கொண்டுவரும்: 'தி மியூசிக் ஆஃப் இண்டியா', 'தி வாட்டர் இன் திஸ் வெல் இஸ் சால்ட்டி'. 'இண்டியன் ஹிஸ்டரி', 'தி ஹிஸ்டரி ஆஃப் இண்டியா' என்ற ஜோடியை மட்டும் மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. 'எ கப் ஆஃப் டீ' மாதிரி அளவு சொல்லும் இடங்களில் 'ஆஃப்' வந்தாலும் 'தி' கட்டாயமில்லை.

'வி மஸ்ட் ப்ரொடெக்ட் தி நேச்சர்'னு எழுதினேன். 'தி'யை அடிச்சுட்டாங்க. ஏன்?

மேலே 'ஐ' பற்றிச் சொன்ன எச்சரிக்கை இதற்குத்தான். 'இயற்கையைக் காப்போம்' என்று தமிழில் நினைக்கிறோம், 'ஐ' வருகிறது, கை தானாக 'தி' எழுதிவிடுகிறது. ஆனால் இந்த 'ஐ' காப்பாற்று என்ற வினைக்காக வந்தது. எந்த இயற்கை என்று கேட்டால் பதில் இல்லை. ஆகவே 'வி மஸ்ட் ப்ரொடெக்ட் நேச்சர்'.

இதே வரிசையில் 'சொசைட்டி', 'லைஃப்', 'லவ்', 'எஜுகேஷன்', 'பாவர்ட்டி', 'ஹெல்த்' எல்லாவற்றையும் வையுங்கள். 'தி எஜுகேஷன் இஸ் இம்பார்ட்டண்ட்' என்று எழுதும் விண்ணப்பக் கடிதங்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். 'லைஃப் இஸ் ஹார்ட்' என்பது பொது. 'தி லைஃப் ஆஃப் எ ஃபிஷர்மேன் இஸ் ஹார்ட்' என்றால் எந்த வாழ்க்கை என்று பின்னாலேயே பதில் வந்துவிட்டது. ஒன்று மட்டும் விலகி நிற்கிறது: 'என்வைரன்மெண்ட்'. சுற்றுச்சூழல் என்ற பொருளில் அது 'தி என்வைரன்மெண்ட்' என்றே வரும். நேச்சருக்கு இல்லை, என்வைரன்மெண்டுக்கு உண்டு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டு ஒரு பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள், பழகிவிடும்.

அப்போ 'தி டைகர் இஸ் எ வைல்ட் அனிமல்' தப்பா? புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கு.

தவறே இல்லை. பொதுவாகச் சொல்ல 'தி' வராது என்று சொன்னேன் இல்லையா, அதற்கு இது முக்கியமான விலக்கு. ஓர் இனத்தை முழுதாக ஒரே உருவமாக நினைத்துப் பேசும்போது ஒருமையில் 'தி' வரும். 'டைகர்ஸ் ஆர் வைல்ட் அனிமல்ஸ்', 'எ டைகர் இஸ் எ வைல்ட் அனிமல்', 'தி டைகர் இஸ் எ வைல்ட் அனிமல்' மூன்றுமே சரி. முதலாவது பேச்சில் சாதாரணம், மூன்றாவது பாடப்புத்தக நடை.

மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று மாற்றாக வராது. 'எ டைகர்' என்றால் ஏதாவது ஒரு புலியை எடுத்துப் பார்த்தால் என்று பொருள். ஒரு தனிப் புலி அழிந்துபோகலாம், இனம் அழிவது வேறு விஷயம். ஆகவே 'எ டைகர் இஸ் இன் டேஞ்சர் ஆஃப் எக்ஸ்டிங்ஷன்' என்று சொல்ல முடியாது. 'தி டைகர்' அல்லது 'டைகர்ஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். 1973இல் இந்தியாவில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதைப் பற்றி எழுதினால், 'டு சேவ் தி டைகர்' என்பது புலி இனம் முழுவதையும் குறிக்கும், 'டு சேவ் எ டைகர்' என்றால் கிணற்றில் விழுந்த ஒரு புலியைக் காப்பாற்றுவது.

கண்டுபிடிப்புகளுக்கும் இதே கதைதான். 1876இல் கிரகாம் பெல் காப்புரிமை பெற்றது 'தி டெலிஃபோன்'. அங்கே 'எ டெலிஃபோன்' என்று சொன்னால் ஒரே ஒரு கருவியை மட்டும் சொன்ன மாதிரி ஆகிவிடும். மனித இனத்துக்கு மட்டும் பழைய வழக்கு வேறு: 'மேன் இஸ் மார்ட்டல்', 'தி' இல்லை. இப்போது அந்த இடத்தில் 'ஹியூமன்ஸ்' என்று எழுதுவதே நல்லது.

'தி ரிச்', 'தி புவர்' என்கிறோமே, அது பொதுதானே?

பொதுதான். பின்னால் பெயர்ச்சொல் இல்லாமல் பண்புச்சொல் மட்டும் நின்று ஒரு கூட்டத்தைக் குறிக்கும்போது 'தி' வேண்டும்: பணக்காரர்கள், ஏழைகள், முதியவர்கள். வினை பன்மையில் வரும், 'தி புவர் ஆர்', 'தி எல்டர்லி நீட்'. பெயர்ச்சொல் சேர்ந்தவுடன் 'தி' போய்விடும்: 'புவர் பீப்பிள்'. 'இங்கிலீஷ்' என்றால் மொழி, 'தி இங்கிலீஷ்' என்றால் அந்த மக்கள்.

'கோ டு ஸ்கூல்', 'கோ டு தி ஸ்கூல்', ரெண்டும் பார்த்திருக்கேன். எது சரி?

இரண்டும் சரி, ஆனால் போகிற ஆள் வேறு. படிக்கப் போகிற பிள்ளை 'கோஸ் டு ஸ்கூல்'. கட்டணம் கட்டப் போகிற அப்பா 'வென்ட் டு தி ஸ்கூல்'. முதலாவதில் கட்டடம் முக்கியமில்லை, அங்கே நடக்கிற படிப்புதான் முக்கியம். ஜெயிலுக்கும் இதேதான்: கைதி 'இன் ப்ரிசன்', அவரைப் பார்க்கப் போன மனைவி 'அட் தி ப்ரிசன்'. தூங்கப் போனால் 'டு பெட்'. கட்டிலில் துணி கிடந்தால் 'ஆன் தி பெட்'.

ஆஸ்பத்திரியில்தான் பிரிட்டனும் அமெரிக்காவும் பிரிகின்றன. நோயாளி சேர்ந்திருப்பதை பிரிட்டிஷ்காரர்கள் 'இன் ஹாஸ்பிட்டல்' என்பார்கள், அமெரிக்கர்கள் 'இன் தி ஹாஸ்பிட்டல்' என்பார்கள். எதைப் பின்பற்றினாலும் ஒரே கட்டுரையில் மாற்றாதீர்கள். இந்தச் சலுகை எல்லா இடங்களுக்கும் கிடையாது. ஆபீஸ், பேங்க், மார்க்கெட், போஸ்ட் ஆபீஸ் எதற்குப் போனாலும், என்ன வேலையாகப் போனாலும், 'தி' வேண்டும். 'வென்ட் டு பேங்க்' என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கிற தவறு.

'ஐ டுக் தி பஸ்', 'ஐ வென்ட் டு தி டாக்டர்'. எந்த பஸ், எந்த டாக்டர்னு யாருக்கும் தெரியாதே?

இதைக் கேட்கிறவர் விஷயத்தை உண்மையிலேயே பிடித்துவிட்டார் என்று அர்த்தம். இங்கே 'எந்த?' சோதனை தோற்கிறது, 'ஐ' சோதனையும் தோற்கிறது. தமிழில் 'பஸ் பிடிச்சுப் போனேன்', 'பேப்பர் படிச்சேன்' என்று 'ஐ' இல்லாமல்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'தி பஸ்', 'தி பேப்பர்'.

அன்றாட வாழ்க்கையின் ஒரு வழக்கமான ஏற்பாடாக அந்தப் பொருளைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த பஸ் என்பதைவிட, பஸ் என்கிற ஏற்பாட்டைப் பயன்படுத்தினேன் என்பதே செய்தி. 'தி டாக்டர்', 'தி டென்டிஸ்ட்', 'தி ட்ரெயின்', 'தி ரேடியோ' எல்லாம் இந்த வகை. வாத்தியங்களையும் இங்கேயே சேர்க்கலாம்: 'ஷி ப்ளேஸ் தி வீணா'. விளையாட்டுக்கு இல்லை: 'ஷி ப்ளேஸ் கிரிக்கெட்'. 'பை' வந்துவிட்டால் 'தி' விலகிவிடும்: 'பை பஸ்', 'பை ட்ரெயின்'. 'இன் தி மார்னிங்', 'இன் தி ஈவினிங்', ஆனால் 'அட் நைட்'. இவற்றுக்குக் காரணம் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். தொடராகவே மனதில் ஏற்றிக்கொள்வதுதான் வழி.

ஆறுக்கு உண்டு, ஏரிக்கு இல்லை, மலைக்கு சிலதுக்கு உண்டு. தலை சுத்துது. சுலபமா ஒரு வழி சொல்லுங்க.

இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, பெயர் பன்மையாக இருக்கிறதா? 'தி ஹிமாலயாஸ்', 'தி நீல்கிரீஸ்', 'தி வெஸ்டர்ன் காட்ஸ்', 'தி அந்தமான்ஸ்', 'தி மால்டீவ்ஸ்', 'தி நெதர்லாண்ட்ஸ்'. கூட்டத்துக்கு உண்டு, ஒற்றைக்கு இல்லை: 'எவரெஸ்ட்', 'தொட்டபெட்டா', 'ஸ்ரீலங்கா'. இரண்டு, பெயருக்குள் ஒரு சாதாரணப் பெயர்ச்சொல் அடங்கியிருக்கிறதா? 'தி யுனைடெட் கிங்டம்' என்பதில் கிங்டம், 'தி யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்பதில் ஸ்டேட்ஸ், 'தி பே ஆஃப் பெங்கால்' என்பதில் பே. 1857இல் தொடங்கிய நம் பல்கலைக்கழகத்தை 'தி யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்' என்றால் 'தி' வரும். 'மெட்ராஸ் யுனிவர்சிட்டி' என்றால் வராது. மேலே சொன்ன 'இண்டியன் ஹிஸ்டரி' ஜோடிதான் இங்கேயும்.

ஆறு, கடல், பாலைவனம் மூன்றுக்கும் எப்போதும் உண்டு: 'தி காவேரி', 'தி இண்டியன் ஓஷன்', 'தி சஹாரா'. ஏரிக்கு இல்லை: 'லேக் விக்டோரியா'. ஆப்பிரிக்காவில் 'தி காம்பியா' என்று ஒரு நாடு இருக்கிறது. ஆற்றின் பெயர் நாட்டுக்கு வந்தது, கூடவே 'தி'யும் வந்துவிட்டது. யுக்ரேனை முன்பு 'தி யுக்ரேன்' என்று எழுதுவார்கள். 1991இல் அது தனி நாடான பிறகு, 'தி' சேர்த்தால் வேறொரு நாட்டின் ஒரு பகுதி போலத் தோன்றுகிறது என்று அந்த மக்கள் சொன்னார்கள். இப்போது 'தி' இல்லாமல் எழுதுவதே மரியாதை. ஒரு சின்னச் சொல்லுக்கு இவ்வளவு எடை இருக்கிறது.

பிபிசிக்கு 'தி' உண்டு, நாசாவுக்கு இல்லை. ஏன்?

எழுத்து எழுத்தாகச் சொன்னால் உண்டு: 'தி பிபிசி', 'தி யுஎன்', 'தி ஆர்பிஐ'. ஒரே சொல்லாக உச்சரித்தால் இல்லை: நாசா, நேட்டோ, யுனெஸ்கோ, இஸ்ரோ. வணிக நிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் மட்டும் எழுத்து எழுத்தாகச் சொன்னாலும் பெரும்பாலும் வராது: 'ஐபிஎம்', 'ஐஐடி மெட்ராஸ்'.

'தி'யா, 'த'வா? எப்படி உச்சரிக்கணும்?

அடுத்து வருகிற ஒலியைப் பொறுத்தது. மெய்யொலிக்கு முன் 'த' என்று குறுகும்: 'த புக்'. உயிரொலிக்கு முன் 'தி': 'தி ஆப்பிள்'. எழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக நான் எல்லா இடத்திலும் 'தி' என்றே எழுதியிருக்கிறேன். 'ஒரு மாடு', 'ஓர் ஆடு' என்று நாம் மாற்றுவது போல அவர்கள் 'எ கௌ', 'ஆன் ஆக்ஸ்' என்று மாற்றுகிறார்கள். பார்க்க வேண்டியது ஒலியைத்தான், எழுத்தை அல்ல. 'ஹவர்' என்பதில் எச் ஒலிக்காது, அதனால் 'ஆன் அவர்', 'தி அவர்'. 'யுனிவர்சிட்டி' என்பது ய ஒலியில் தொடங்குவதால் 'எ யுனிவர்சிட்டி', 'த யுனிவர்சிட்டி'.

'ஒன்லி', 'ஃபர்ஸ்ட்', 'பெஸ்ட்' வந்தா கண்ணை மூடிக்கிட்டு 'தி' போடலாமா?

பெரும்பாலும் போடலாம். முதலாவது ஒன்றுதான், மிகச் சிறந்தது ஒன்றுதான், 'எந்த?' என்ற கேள்விக்கே இடமில்லை. 'சேம்' கூட அப்படித்தான். ஆனால் கூடப் பிறந்தவர்கள் இல்லாத பிள்ளையை 'ஆன் ஒன்லி சைல்ட்' என்பார்கள், ஏனென்றால் அப்படிப்பட்ட பிள்ளைகள் உலகத்தில் பலர். 'தி ஒன்லி சைல்ட் இன் தி ரூம்' என்றால் அந்த அறையில் இருந்த ஒரே பிள்ளை. முன்னால் 'மை', 'ஹிஸ்' வந்துவிட்டால் 'தி' சேரவே சேராது: 'மை ஃபர்ஸ்ட் ஜாப்'.

'மோஸ்ட் ஆஃப் பீப்பிள்' ஏன் தப்பு?

பாதி பொதுவாகவும் பாதி குறிப்பாகவும் நிற்பதால். பொதுவாகச் சொன்னால் 'மோஸ்ட் பீப்பிள் லைக் ரைஸ்'. ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில் பெரும்பாலோர் என்றால் 'மோஸ்ட் ஆஃப் தி பீப்பிள் இன் அவர் ஸ்ட்ரீட்'. 'ஆஃப்' வந்தால் 'தி' வேண்டும், 'தி' இல்லை என்றால் 'ஆஃப்' வேண்டாம். 'சம்', 'மெனி' இரண்டுக்கும் இதேதான். பக்கத்திலேயே இன்னொன்று: 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்றால் பல மாணவர்கள், வினை பன்மை. 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்றால் அவர்களின் எண்ணிக்கை, அது ஒன்று, வினை ஒருமை.

'தி மோர், தி பெட்டர்' இதுல எதுக்கு 'தி'? பெயர்ச்சொல்லே காணோமே!

இது வேறு 'தி'. அதே பழைய சுட்டுச்சொல்தான், ஆனால் நம் மூன்றாம் வேற்றுமை போன்ற வடிவத்திலிருந்து வந்தது: 'அந்த அளவால்' என்று பொருள். ஆகவே இந்தத் தொடரைத் தமிழில் சொல்ல நாம் எடுப்பதும் சுட்டையும் வினாவையும்தான்: எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு அவ்வளவு நல்லது. இதுவரை சொன்ன எந்த விதியையும் இதன்மேல் போட்டுப் பார்க்க வேண்டாம்.

செய்தித் தலைப்பில் 'தி' வர்றதே இல்லை. நானும் விட்டுடலாமா?

தலைப்பில் இடம் குறைவு, அதனால் விடுகிறார்கள். அதே செய்தியின் முதல் வரியைப் படியுங்கள், எல்லா 'தி'யும் திரும்பி வந்திருக்கும். அந்தக் காலத்துத் தந்தி, அறிவிப்புப் பலகை, சமையல் குறிப்பு எல்லாம் இப்படித்தான். கடிதத்திலும் தேர்விலும் விடாதீர்கள்.

'எ', 'தி' ரெண்டுமே இலக்கணப்படி சரின்னா, எதைப் போட்டா என்ன?

வகுப்புக்கு வந்த ஒரு தம்பி மென்பொருள் வேலையில் இருந்தார். ஒரு நாள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு 'வி ஹாவ் ஃபிக்ஸ்டு தி எர்ரர்' என்று எழுதினார். அவர் சரிசெய்தது தானாகக் கண்டுபிடித்த சின்னக் கோளாறு. வாடிக்கையாளரோ, தான் முதல் வாரம் புகார் செய்த பெரிய கோளாறு சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார், ஏனென்றால் அவருக்குத் தெரிந்த 'எர்ரர்' அது ஒன்றுதான். மறுநாள் காலையில் அதே கோளாறு மறுபடி வந்தபோது, அவருடைய அடுத்த கடிதம் கோபமாக வந்தது. 'ஆன் எர்ரர்' என்று இருந்திருந்தால், 'எந்தக் கோளாறு?' என்று அவரே கேட்டிருப்பார், விஷயம் அங்கேயே தெளிவாகியிருக்கும். 'தி' போடும்போது 'உங்களுக்கே தெரியும்' என்று எதிராளியிடம் சொல்கிறோம். அவருக்குத் தெரியவில்லை என்றால் குழம்புவார். வேறொன்றைத் தெரிந்துவைத்திருந்தால் இப்படித் தவறாக எடுத்துக்கொள்வார்.

எழுதி முடிச்ச பிறகு எப்படி சரிபார்க்கறது?

முழுவதையும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். பென்சிலால் பெயர்ச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். ஒவ்வொன்றிலும் நின்று, கடிதம் யாருக்குப் போகிறதோ அவராக உட்கார்ந்து 'எந்த?' என்று கேளுங்கள். பதில் முன் வாக்கியத்தில் இருக்கிறதா, பின்னால் ஒட்டிய விளக்கத்தில் இருக்கிறதா, அல்லது உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறதா? இருந்தால் 'தி'. கேள்வியே பொருந்தவில்லை என்றால் 'தி'யை அடித்துவிட்டு, எண்ணக்கூடிய சொல் என்றால் பன்மையாக்குங்கள். கேள்வி பொருந்துகிறது, ஆனால் பதில் அவரிடம் இல்லை என்றால் ஒருமைக்கு 'எ' அல்லது 'ஆன்'.

என் வகுப்பில் இன்னொரு பயிற்சியும் உண்டு. ஆங்கில நாளிதழில் ஒரு பத்திச் செய்தியை எடுத்து, ஒருவர் எல்லா 'எ', 'ஆன்', 'தி'யையும் வெள்ளை மையால் மறைத்துக் கொடுப்பார், மற்றவர் நிரப்புவார். முதல் வாரம் பாதிக்குமேல் தவறும். தவறிய இடங்களை மட்டும் ஒரு நோட்டில் காரணத்தோடு எழுதுங்கள்: 'தெரிந்துவிட்டது', 'பொது', 'தொடர் வழக்கு', 'ஆறு'. மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால், உங்கள் தவறுகள் பெரும்பாலும் இரண்டு மூன்று வகைக்குள்ளேயே இருப்பது தெரியும். அதற்குப் பிறகு படிக்க வேண்டியது அந்த இரண்டு மூன்றை மட்டும்தான்.